கையை எடுக்கும் நேரம்

பிரசவ வார்டுக்குப் பயிற்சிக்கு வரும் நர்சிங் மாணவியின் பையில் வேறு எது இருக்கிறதோ இல்லையோ, லாக் புக் கட்டாயம் இருக்கும். எத்தனை கர்ப்பிணிகளின் வயிற்றைத் தொட்டுப் பார்த்தாள், எத்தனை பிரசவத்தைப் பக்கத்தில் நின்று பார்த்தாள், எத்தனையைத் தன் கையால் நடத்தினாள் என்று கட்டம் கட்டமாக நிரப்பி, ஒவ்வொன்றுக்கும் எதிரே கையெழுத்து வாங்க வேண்டும். இந்திய நர்சிங் கவுன்சில் நெடுங்காலம் வைத்திருந்த கணக்கு 20 சுகப்பிரசவம். பிரிட்டனில் மிட்வைஃப் படிப்பவர்களுக்கு அது 40.

புதுச்சேரியின் மேற்கு ஓரம், மண்ணாடிப்பட்டு கொம்யூனில் இருக்கிறது திருக்கனூர். நாலு பக்கமும் கரும்பும் நெல்லும். கொஞ்ச தூரம் போனால் தமிழ்நாடு, இன்னும் கொஞ்சம் போனால் மறுபடி புதுச்சேரி என்று எல்லை மாறி மாறி வரும் பகுதி. இங்கே பயிற்சிக்கு வரும் மாணவிக்கு அந்த 20 லேசில் கிடைக்காது. 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வுப்படி புதுச்சேரியில் கிட்டத்தட்ட எல்லாப் பிரசவமும் ஆஸ்பத்திரியில்தான் நடக்கிறது. பெரிய சாதனைதான். ஆனால் அதில் மூன்றில் ஒன்றுக்கு மேல் சிசேரியன். கொஞ்சம் சிக்கல் இருக்கும் என்று தோன்றினாலே எல்லைப்பிள்ளைச்சாவடியில் இருக்கும் ராஜீவ் காந்தி அரசு மகளிர் மற்றும் குழந்தைகள் மருத்துவமனைக்கோ ஜிப்மருக்கோ கிளம்பிவிடுகிறார்கள். இன்னொரு பக்கம், சின்ன ஊரான புதுச்சேரியில் நர்சிங் கல்லூரிகளுக்குக் குறைவே இல்லை. ஆகவே ஒரு தாய் வலியோடு வந்து படுத்தால், கட்டிலைச் சுற்றி லாக் புக்கோடு ஒரு கூட்டம். ஒருத்தி தலையைப் பிடிப்பாள், இன்னொருத்தி நஞ்சுக்கொடியை எடுப்பாள், மூன்றாமவள் நேரத்தை எழுதுவாள். மூன்று பேருக்கும் ஒரு பிரசவம் பார்த்ததாகக் கணக்கு ஏறும்.

இந்தக் கணக்கை ஏற்றுக்கொள்ளாத ஒரு கிளினிக்கல் இன்ஸ்ட்ரக்டரைப் பற்றியது இந்தக் கட்டுரை. திருக்கனூர் பக்கத்துக்காரர். நர்ஸாக லேபர் ரூமில் பல வருஷம் வேலை பார்த்துவிட்டு நர்சிங் கல்லூரிக்குப் போனவர். மாணவிகளுக்கு அவர் மேடம், வார்டு ஆயாம்மாவுக்கு டியூட்டரம்மா. கட்டுரைக்கும் மேடம் என்ற பெயரே போதும்.

முதல் வாரத்தில் மேடம் யாரையும் பிரசவ மேசைப் பக்கம் விடுவதில்லை. கர்ப்பிணிகளுக்குச் செக்கப் நடக்கும் நாளில், ஊர் அரசு ஆஸ்பத்திரியான நலவழி மையத்தின் வெளிநோயாளர் அறையில்தான் அவருடைய பாடம் தொடங்கும். தாய் சேய் நல அட்டையை வாங்கிப் பார்ப்பது, பெயர் சொல்லிக் கூப்பிடுவது, சிறுநீர் கழித்துவிட்டு வரச் சொல்வது, கையைத் தேய்த்துச் சூடாக்கிக்கொள்வது. அதற்கு அப்புறம்தான் வயிறு.

வயிற்றைத் தொடும்போது எல்லா மாணவிக்கும் ஒரே பயம். அழுத்தினால் குழந்தைக்கு வலிக்குமோ என்று விரல் நுனியை மட்டும் தோலில் வைத்துக்கொண்டு நிற்பார்கள். அப்படித் தொட்டால் எதுவும் தெரியாது. தாய்க்குக் கூச்சம் வந்து வயிறு இறுகிவிடும், அவ்வளவுதான். மேடம் மாணவியின் கை மேல் தன் உள்ளங்கையை வைத்து, வேண்டிய ஆழத்துக்கு அமுக்கிக் காட்டுவார். எவ்வளவு அழுத்தலாம் என்பதை எந்தப் புத்தகத்திலும் எழுத முடியவில்லை, அது கையிலிருந்து கைக்குத்தான் போகிறது என்கிறார். மேல்வயிற்றில் மெத்தென்று அகலமாகத் தட்டுப்படுவது குழந்தையின் பின்புறம். பக்கவாட்டில் பலகை போல் வழுவழுப்பாக ஓடுவது முதுகு, எதிர்ப்பக்கம் துருத்திக்கொண்டு நழுவுவது கைகால். கீழே கெட்டியாக, உருண்டையாக, ஆட்டினால் ஆடுவது தலை. ஆடவில்லை என்றால் தலை இறங்கிவிட்டது. இதை நாலைந்து தாய்மார்களிடம் சரியாகச் சொல்லிவிட்ட மாணவியின் நடையே மாறிவிடும்.

பிறகு ஃபீட்டோஸ்கோப், குழந்தையின் இதயத் துடிப்பைக் காதால் கேட்கும் கூம்பு. டாப்ளர் கருவி இருக்கும் காலத்தில் இந்தக் கூம்பு எதற்கு என்று மாணவிகள் கேட்பதுண்டு. பேட்டரி தீர்ந்துபோன இரவில் எதை வைத்துக் கேட்பாய் என்பது மேடத்தின் பதில். அவர் சொல்லிக்கொடுக்கும் விதம் தனி. மாணவி வயிற்றில் கூம்பை வைத்துக் குனிந்து காதைப் பதிப்பாள். ஒரு கை தாயின் மணிக்கட்டில் நாடியைப் பிடித்திருக்கும். இன்னொரு கையின் ஆள்காட்டி விரலால், கேட்கும் துடிப்பை மேடத்தின் கையில் தட்டிக்கொண்டே வர வேண்டும். தட்டு நிமிஷத்துக்கு 140 என்ற வேகத்தில் போனால் அது குழந்தை. தாயின் நாடியோடு சேர்ந்து 80, 90 என்று போனால், கேட்பது தாயின் ரத்த ஓட்டம். இடத்தை மாற்ற வேண்டும். “கேட்குதா?” என்று கேட்டால் எல்லாரும் “கேட்குது மேடம்” என்றுதான் சொல்வார்கள். விரல் தட்டும்போது அப்படி ஒப்புக்குச் சொல்லிவிட முடியாது. உண்மையில் கேட்டுவிட்ட மாணவிக்கோ, தன் காது சரியாகத்தான் கேட்டது என்று அந்த விரலே சொல்லிவிடுகிறது. அவளைத் தட்டிக்கொடுக்க வேறு ஆள் தேவையில்லை.

கருப்பை வாய் எவ்வளவு திறந்திருக்கிறது என்று விரலால் அறிவதுதான் கற்றுக்கொடுக்க மிகவும் கஷ்டமானது. கண்ணுக்குத் தெரியாது. இரண்டு பேர் சேர்ந்து பார்க்கவும் முடியாது. படிப்புக்காகத் திரும்பத் திரும்பப் பார்த்தால் தாய்க்கு வலி, தொற்று அபாயம். எல்லாவற்றுக்கும் மேலாக அது அவமானம். சாதாரணமாக நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை போதும். அதனால் மேடம் ஒரு துணிப்பை வைத்திருக்கிறார். உள்ளே தண்ணீர் பாட்டில் மூடி, ஊறுகாய் பாட்டில் மூடி, மாத்திரை டப்பா மூடி என்று வெவ்வேறு அளவு வளையங்கள். ஒவ்வொன்றையும் ஸ்கேல் வைத்து அளந்து அடியில் எழுதியிருக்கிறார். மாணவி பைக்குள் இரண்டு விரலை விட்டு, விரிக்க முடிகிற அகலத்தை வைத்துச் சென்டிமீட்டர் சொல்ல வேண்டும். கேன்டீனில் டீ வருவதற்குள் பத்துத் தடவை ஆகிவிடும். அரை சென்டிமீட்டர் வித்தியாசத்துக்குள் சொல்லப் பழகிய பிறகுதான் நிஜத் தாய்.

அப்போதும் தாயிடம் கேட்டுவிட்டுத்தான். மாணவி பக்கத்தில் நிற்கும்போதே கேட்பார்: “இந்தப் பொண்ணு படிக்குதும்மா. முதல்ல அது பாக்கும், அப்புறம் நான் பாப்பேன். ரெண்டு தடவை ஆவும். உனக்குச் சம்மதமா? வேணாம்னாலும் ஒண்ணும் இல்ல, நானே பாத்துக்கறேன்.” பெரும்பாலோர் சரி என்பார்கள். சிலர் வேண்டாம் என்பார்கள். வேண்டாம் என்றால் மாணவி முகம் சுருங்காமல் “சரிக்கா” என்று சொல்லி, அதே தாயின் இடுப்பைத் தொடர்ந்து நீவிவிட வேண்டும். இது பாடத்தின் முக்கியமான பகுதி என்று மேடம் நினைக்கிறார். கேட்டு வாங்கிய அனுமதியோடு தொடும் கை நடுங்குவதில்லை. கேட்காமல் தொடுகிறவளுக்கு, தாய் எப்போது முறைப்பாளோ என்ற படபடப்பு உள்ளுக்குள் ஓடிக்கொண்டே இருக்கும்.

பிரசவ மேசையில் என்ன நடக்கிறது என்பதை ஒரு காலையை வைத்துச் சொல்லலாம். குனிச்சம்பட்டிலிருந்து இரண்டாவது பிரசவத்துக்கு வந்த தாய். அட்மிஷனிலிருந்து ஒரே மாணவிதான் கூட. நடக்க வைத்தாள், தண்ணீர் கொடுத்தாள், ஒவ்வொரு வலிக்கும் முதுகை அழுத்திவிட்டாள், அரை மணிக்கொரு தடவை குழந்தையின் துடிப்பைக் கேட்டு பிரசவத்தின் போக்கைக் குறிக்கும் பார்டோகிராஃப் தாளில் புள்ளி வைத்தாள். தாயின் தலைமாட்டில் அவளுடைய அம்மா. தமிழ்நாடு 2004-லேயே அரசு ஆஸ்பத்திரிகளில் பிரசவத் துணைக்கு ஆளை அனுமதித்தது. அந்தப் பழக்கத்தை மேடம் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறார். துணை ஒருவர் விடாமல் கூடவே இருந்தால் சிசேரியன் குறைகிறது என்பதை 15,000-க்கும் மேற்பட்ட பெண்களிடம் நடந்த ஆய்வுகளைத் தொகுத்து 2017-ல் காக்ரேன் அறிக்கை சொல்லியிருக்கிறது.

தலை தெரிய ஆரம்பித்தது. மாணவி கையுறையோடு முன்னால். மேடமும் கையுறை போட்டு, அவளுக்குப் பின்னால் ஒரு பக்கமாக, காதுக்கு எட்டும் தூரத்தில்.

“தலை தெரியுது மேடம்.”

“தெரியட்டும். இடது கை எங்க?”

இடது கை குழந்தையின் தலை மேல் விரிந்தது, தலை சடாரென்று வெளியே வந்துவிடாமல் இருக்க. வலது கை துணியோடு கீழே, சதை கிழியாமல் தாங்கிக்கொள்ள. மேடத்தின் கைகள் முதலில் அந்தக் கைகளுக்கு மேல் இருந்தன. அடுத்த வலியில் ஒரு அங்குலம் விலகின. அதற்கடுத்த வலியில் தன் மார்பருகே கோத்துக்கொண்டுவிட்டார்.

“இப்ப முக்க வேணாம்னு நீ சொல்லு. நான் சொல்ல மாட்டேன்.”

“அக்கா, இப்ப முக்காதீங்க. வாயத் தொறந்து மூச்சு விடுங்க. ஊதுங்க, ஊதுங்க… அப்படித்தான்.”

தாய் மாணவியின் முகத்தைப் பார்த்து ஊதினாள். மேடம் இத்தனை வருஷத்தில் கண்டுகொண்ட பெரிய விஷயம் இது: தாய் யார் முகத்தைப் பார்க்கிறாள் என்பதுதான் அந்த அறையில் பொறுப்பு யாரிடம் இருக்கிறது என்பதைத் தீர்மானிக்கிறது. பின்னாலிருந்து டியூட்டர் உரக்கச் சொன்னால் தாயின் கண் டியூட்டர் பக்கம் திரும்பிவிடும். அந்த நொடியே மாணவி வெறும் கையாகிவிடுகிறாள். அதனால் அந்த நேரத்தில் மேடம் தாயிடம் பேசுவதே இல்லை. பேசுவதெல்லாம் மாணவியின் காதோடு.

தலை வந்துவிட்டது. கழுத்தில் கொடி சுற்றியிருக்கிறதா என்று விரல் விட்டுப் பார்த்தாயிற்று, இல்லை. இனி ஒன்றும் செய்யக்கூடாத சில நொடிகள். புது மாணவிகள் இங்கேதான் தடுமாறுவார்கள். தலையைப் பிடித்த கை தானாக இழுக்கப் பார்க்கும்.

“இழுக்காத. அதுவா திரும்பும். கையை அப்படியே வை.”

தலை மெல்லத் தாயின் தொடைப் பக்கம் திரும்பியது. அடுத்த வலியில் முன் தோள், பின் தோள், பிறகு முழுக் குழந்தையும் வழுக்கிக்கொண்டு வந்தது. மாணவி உரக்க நேரத்தைச் சொன்னாள். குழந்தை தாயின் வயிற்று மேல். துடைத்தாள், அழுதது. இன்னொரு குழந்தை இல்லை என்று வயிற்றைத் தொட்டுப் பார்த்த பிறகு, ஒரு நிமிஷத்துக்குள் தொடையில் 10 யூனிட் ஆக்சிடோசின் போட்டார் ஸ்டாஃப் நர்ஸ். கொடியின் துடிப்பு நின்றதும் வெட்டு. நஞ்சு வந்ததும் அதைத் தட்டில் விரித்து, மடல் எல்லாம் முழுசா, சவ்வு கிழிந்து உள்ளே தங்கியிருக்கிறதா என்று பார்த்தது வரை எல்லாம் அந்த ஒரே மாணவி. அடுத்த இரண்டு மணி நேரம் பதினைந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை வயிற்றைத் தொட்டு, கருப்பை பந்து போல் இறுகியிருக்கிறதா என்று பார்த்ததும் அவளே. லாக் புக்கில் ஏறியது ஒன்றுதான். அது முழுசான ஒன்று.

பிரசவம் முடிந்து அரை மணிக்குள் மேடம் மாணவியைத் தனியே கூப்பிட்டு உட்கார வைப்பார். முதல் கேள்வி எப்போதும் “எந்த இடத்துல பயம் வந்துச்சு?” என்பதுதான். பயம் வரவே இல்லை என்று சொல்பவளை இன்னும் கவனமாகப் பார்ப்பார். பிறகு, “நல்லா பண்ணினே” என்று பொதுவாகச் சொல்லாமல், “தலை வந்தப்புறம் இழுக்காம நின்னியே, அது சரி. கொடியை வெட்டறப்ப கத்தரிக்கோல் முனையை உன் கையால மறைச்சிருக்கணும், அது விட்டுப்போச்சு” என்று இடம் சுட்டிச் சொல்வார். எது சரி என்று தெரிந்தால்தான் அடுத்த தடவை அதையே திரும்பச் செய்ய முடியும்.

உளவியல் அறிஞர் ஆல்பர்ட் பந்தூரா 1977-ல் எழுதியதை மேடம் பின்னால்தான் படித்தார். என்னால் முடியும் என்ற எண்ணம் நாலு வழியில் வருகிறதாம்: தானே செய்து முடித்தது, தன்னைப் போன்ற ஒருவர் செய்வதைப் பார்த்தது, நம்புகிற ஒருவர் சொன்ன சொல், தன் உடம்பின் படபடப்பைத் தான் எப்படி எடுத்துக்கொள்கிறோம் என்பது. இரண்டாவதைப் படித்த பிறகு மேடம் ஒரு பழக்கத்தை மாற்றினார். பொம்மையில் செய்து காட்டும் வேலையைத் தான் செய்யாமல் இறுதியாண்டு மாணவிகளிடம் விட்டுவிட்டார். மேடம் செய்தால் “அவங்க மேடம், செய்வாங்க” என்று தோன்றும். போன வருஷம் வரை தங்களோடு ஹாஸ்டலில் தோசைக்கு வரிசையில் நின்ற அக்கா செய்தால், அடுத்தது நாம்தான் என்று தோன்றும்.

மாணவியின் தைரியத்தைக் குலைக்க ஒரே ஒரு திட்டுப் போதும், அதுவும் தாயின் முன்னால். பிரசவ அறைகளில் குரல் உயர்வது புதிதல்ல. வலியில் இருப்பவளையே அதட்டும் இடங்களை மேடமும் பார்த்திருக்கிறார். அதட்டிப் பழகிய இடத்தில் படித்த மாணவி நாளை தாயை அதட்டுவாள். அதனால் மாணவிகளோடு அவர் ஓர் ஏற்பாடு வைத்திருக்கிறார். மேடம் முழங்கையைத் தொட்டால், செய்துகொண்டிருப்பதை நிறுத்திவிட்டு ஒரு அடி வலது பக்கம் நகர வேண்டும். கேள்வி கிடையாது, முகத்தில் எதுவும் காட்டக் கூடாது. மேடம் அந்த இடத்துக்கு வருவார். ஏன் என்பதை அப்புறம் பேசிக்கொள்ளலாம். தாயின் கண்ணுக்கு இரண்டு நர்ஸ்கள் இடம் மாற்றிக்கொண்டதாக மட்டும்தான் தெரியும்.

ஸ்டாஃப் நர்ஸின் சம்மதம் இல்லாமல் இவை ஒன்றும் நடக்காது. தாய் அவருடைய பொறுப்பு, கேஸ் ஷீட்டில் கையெழுத்து அவருடையது. தெரியாத மாணவியை நம்பி விடச் சொன்னால் எப்படி விடுவார்? டியூட்டருக்கும் ஸ்டாஃபுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு, ஒருவர் சொன்னதை மற்றவர் தப்பு என்று சொல்ல, திகைத்து நிற்கும் மாணவிகள் எல்லா ஊரிலும் உண்டு. மேடம் ஷிஃப்ட் தொடங்கும்போதே ஒரு தாளில் எழுதி ஒட்டிவிடுவார்: யார் வயிற்றுப் பரிசோதனை தனியாகச் செய்யலாம், யார் விரல் பரிசோதனை செய்யலாம், யார் பிரசவத்துக்குக் கை வைக்கலாம், யார் இன்னும் பார்க்க மட்டும். அதோடு, கூட்டம் அதிகமான நாளில் தானே ஒரு தாயை எடுத்துக்கொள்வார். வேலையில் தோள் கொடுக்கும் டியூட்டரின் மாணவிகளை ஸ்டாஃப் நர்ஸ்கள் தங்கள் பிள்ளைகள் போல் பார்த்துக்கொள்கிறார்கள்.

பிரசவம் பார்க்கக் கற்றுக்கொடுப்பது நம் பக்கத்துக்குப் புதிதும் அல்ல. சென்னை எழும்பூர் பிரசவ ஆஸ்பத்திரி 1844-ல் தொடங்கியது. 1854-ல் சென்னையில் மிட்வைஃப் பயிற்சிக்கு அரசு அனுமதி கொடுத்தது. திருக்கனூரிலிருந்து ரொம்ப தூரம் இல்லாத திண்டிவனத்தில், 1890-களில் ஒரே இரவில் மூன்று பெண்கள் பிரசவத்தில் இறந்ததைப் பார்த்துத்தான் ஐடா ஸ்கடர் மருத்துவம் படிக்கப் போனார். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி பிறந்தது அதிலிருந்து. அங்கே 1909-லேயே நர்சிங் பள்ளியும் வந்துவிட்டது. அப்படி வளர்ந்த கலை ஒரு கட்டத்தில் மெலிந்தது. 1973-ல் கர்த்தார் சிங் குழு கிராமத்துத் துணைச் செவிலியர்களான ஏ.என்.எம்.களைப் பல்நோக்குப் பணியாளர்களாக மாற்றச் சொன்னது. இரண்டு வருஷப் படிப்பு 18 மாதமாகச் சுருங்கியது. தடுப்பூசி, குடும்பக் கட்டுப்பாடு, பதிவேடு என்று வேலை கூடக்கூட, பிரசவம் பார்க்கும் கை குறைந்துபோனது. அந்தத் தலைமுறையில் படித்தவர்கள்தான் அடுத்த தலைமுறைக்கு டியூட்டர்கள். தானே பல வருஷமாகப் பிரசவம் பார்க்காத டியூட்டர், மாணவியின் கையில் தலையை விட்டுவிட்டு எப்படி நிம்மதியாக நிற்பார்? பட்டென்று பிடுங்கிக்கொள்வார், அல்லது அறைக்கு வெளியே நின்றுவிடுவார். மாணவியின் பயத்தில் பாதி டியூட்டரிடமிருந்து வந்தது என்று மேடம் அழுத்தமாகச் சொல்கிறார்.

இலங்கையில் கதை வேறு மாதிரி. 1926-ல் களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பிரிவு முறையில் மிட்வைஃபின் இடம் அசையாமல் நின்றது. தமிழில் குடும்பநல உத்தியோகத்தர் என்று அழைக்கப்படும் அவர்கள் ஒரு வருஷம் ஆஸ்பத்திரியிலும் ஆறு மாதம் ஊருக்குள்ளும் பயிற்சி பெறுகிறார்கள். இந்தியா 2018 டிசம்பரில்தான் மிட்வைஃபரி சேவைக்குத் தனி வழிகாட்டி வெளியிட்டு, நர்ஸ்களுக்கு 18 மாத மேற்பயிற்சியையும், கற்றுக்கொடுப்பவர்களுக்குத் தனிப் பயிற்சியையும் அறிவித்தது. ஹைதராபாத் ஃபெர்னாண்டஸ் ஆஸ்பத்திரி 2011-லிருந்தே மிட்வைஃப்களைத் தயார் செய்துவந்தது இதற்கு முன்னோடி.

மறுபடி மேடத்தின் மாணவிகளிடம் வருவோம். தைரியம் அளவுக்கு மீறுவதும் ஆபத்துதான். வாய்த்துடுக்கும் கைச்சுறுசுறுப்பும் உள்ள மாணவியிடம் மேடம் பார்டோகிராஃப் தாளைக் கொடுத்துவிடுவார். மணிக்கு ஒரு சென்டிமீட்டர் என்று ஏறும் எச்சரிக்கைக் கோடு, அதற்கு நாலு மணி நேரம் தள்ளி நடவடிக்கைக் கோடு. எந்தப் புள்ளியில் டாக்டரைக் கூப்பிடுவாய், கூப்பிட்டு என்ன சொல்வாய்? உலக சுகாதார நிறுவனம் 2020-ல் கொண்டுவந்த புதிய தாளில் ஐந்து சென்டிமீட்டரிலிருந்துதான் தீவிர வலிக் கட்டம் கணக்காகிறது. எச்சரிக்கைக் கோடும் அதில் இல்லை. பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஏன் மாற்றினார்கள் என்று அவளையே விளக்கச் சொல்வார். சத்தமே வராத மாணவிக்கு வேறு வேலை: போன் பேசுவது. திருக்கனூரிலிருந்து புதுச்சேரிப் பெரிய ஆஸ்பத்திரிகள் இருபது கிலோமீட்டருக்கு மேல். ரத்தம் நிற்காத தாயை 108-ல் ஏற்றும்போது அங்கே என்ன தெரிய வேண்டும்? எத்தனையாவது பிரசவம், குழந்தை பிறந்து எவ்வளவு நேரம், ரத்தம் எவ்வளவு போனது, பி.பி., நாடி, என்ன மருந்து போட்டோம், கூட யார் வருகிறார்கள். இதை ஒரே மூச்சில் சொல்லும் வரை ஒத்திகை. எதிர்முனையில் கடுகடுத்த டாக்டராக மேடமே பேசுவார்.

ரத்தம் எவ்வளவு என்பதும் கண்ணால் பார்த்துச் சொல்வதில் பெரிய தப்பு நடக்கும் இடம். எல்லாருமே குறைத்துத்தான் மதிப்பிடுவார்கள். மேடம் அரை லிட்டர் தண்ணீரில் பீட்ரூட் சாறு கலந்து, பாதியை ரப்பர் ஷீட்டிலும் மீதியைப் பழைய துணியிலும் ஊற்றி, எவ்வளவு என்று கேட்பார். மாணவிகள் இருநூறு, முந்நூறு மில்லி என்பார்கள். 500 மில்லி தாண்டினால் அபாயம் என்று பரீட்சையில் எழுதியவர்கள், 500 மில்லி எப்படி இருக்கும் என்று பார்ப்பது அன்றுதான். 2023-ல் வெளியான இ-மோட்டிவ் ஆய்வு இதே விஷயத்தைத்தான் பெரிய அளவில் செய்தது. கென்யா, நைஜீரியா, தென்னாப்பிரிக்கா, தான்சானியாவில் 80 ஆஸ்பத்திரிகளில் பாதியில், அளவு குறித்த பிளாஸ்டிக் விரிப்பால் ரத்தத்தை அளந்து, உடனே எல்லாச் சிகிச்சையையும் ஒன்றாகத் தொடங்கினார்கள். கடும் ரத்தப்போக்கு, அதற்கான அறுவை சிகிச்சை, மரணம் இவை மொத்தத்தில் 60 சதவீதம் குறைந்தன. அழாத குழந்தைக்கு மூச்சுக் கொடுக்கும் பயிற்சியும் இப்படித்தான். வருஷத்துக்கு ஒரு நாள் வகுப்பாக வைக்காமல், ஷிஃப்ட் தொடங்கும் முன் தினமும் ஐந்து நிமிஷம் பொம்மையில், “அழுத்து, விடு, விடு” என்று சொல்லிக்கொண்டே. நெஞ்சு எழும்பவில்லை என்றால் தலையைச் சரிசெய்து மாஸ்க்கை மறுபடி வைக்க வேண்டும். முதல் ஒரு நிமிஷத்துக்குள்.

ஒரு தடவை, குழந்தை அசைவு குறைந்திருக்கிறது என்று ஒரு தாய் வந்தாள். துடிப்பைத் தேடியது ஒரு மூன்றாமாண்டு மாணவி. இடம் மாற்றி மாற்றி வைத்தாள். மேடத்தின் கையில் தட்ட வேண்டிய விரல் தட்டவே இல்லை. துடிப்பு இல்லை என்பதை ஸ்கேன் உறுதி செய்தது. தாயிடம் டாக்டர் சொன்னார். மாணவியிடம் மேடம், “நீ வெளிய போவலாம், இருக்கவும் செய்யலாம். எதுவானாலும் சரிதான்” என்றார். அவள் இருந்தாள். பிரசவம் முடிந்து குழந்தையைத் துடைத்துத் துணி சுற்றி, பார்க்க வேண்டும் என்று கேட்ட தாயின் கையில் கொடுத்தாள். அன்று மாலை அவள் கேட்டது ஒன்றுதான்: “நான் சரியா கேட்டிருந்தா கிடைச்சிருக்குமா மேடம்?” இல்லை என்று மேடம் நேரடியாகச் சொன்னார். வந்தபோதே துடிப்பு இல்லை, நீ கேட்டது சரியான இடத்தில், சரியான நேரத்துக்குக் கேட்டாய், இல்லை என்பதைச் சொல்லவும் தயங்கவில்லை என்று ஒவ்வொன்றாக எடுத்துச் சொன்னார். மறுநாள் காலை செக்கப்பில் முதல் ஃபீட்டோஸ்கோப்பை அவள் கையில்தான் கொடுத்தார். இடைவெளி விட்டால் அந்தக் கூம்பைத் தொடவே பயம் வந்துவிடும் என்பது அவர் கணக்கு. சில நாள் கழித்து ஏ.என்.எம்.மோடு அந்தத் தாயின் வீட்டுக்குப் போகும்போதும் அவளையே கூட்டிப்போனார். பால் கட்டி வலிக்கிறதா என்று பார்க்க அங்கே யாராவது போக வேண்டியிருந்தது.

படிப்பு முடிந்து போன பிறகு இந்த நம்பிக்கை எவ்வளவு நாள் தாங்கும்? உத்தரப் பிரதேசத்தில் 120 ஆஸ்பத்திரிகளில் நடந்து 2017-ல் வெளியான பெட்டர்பர்த் ஆய்வு இதற்கு ஒரு பதில் வைத்திருக்கிறது. பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுக்க ஆள் போட்ட இடங்களில், இரண்டு மாதத்தில் முக்கியமான செயல்முறைகளில் 73 சதவீதம் சரியாக நடந்தன. மற்ற இடங்களில் 42. பயிற்றுநர்கள் வருவது நின்ற பிறகு, பன்னிரண்டாம் மாதத்தில் 73 என்பது 62 ஆக இறங்கியது. தாய் சேய் மரணத்தில் வித்தியாசம் தெரியவில்லை. கூட இருக்கும் வரை நன்றாக நடக்கிறது, விலகியதும் சரிகிறது. கையைப் பழக்குவது மட்டுமே போதாது, மருந்தும் ரத்தமும் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியும் கூடச் சரியாக இருக்க வேண்டும். மேடம் இதை மனம் தளர வைக்கும் செய்தியாக எடுத்துக்கொள்ளவில்லை. முடித்துப் போன மாணவிகள் முதல் வருஷம் முழுக்க அவரைக் கூப்பிடலாம், எந்த நேரமானாலும். கூப்பிடுகிறார்கள். அவர் பதில் சொல்வதற்கு முன் கேட்பது: “நீ என்ன பாத்தே? என்ன நினைக்கிறே? யாரக் கூப்பிட்டுட்டே?”

கல்லூரி நிர்வாகங்களிடம் அவர் பல வருஷமாகக் கேட்டுக்கொண்டிருப்பவை எளிமையானவைதான். டியூட்டர்கள் வருஷத்தில் ஒரு மாதமாவது லேபர் ரூமில் நர்ஸாக டியூட்டி பார்க்க வேண்டும், மாணவிகள் இல்லாமல். வார்டில் ஒரு டியூட்டருக்குப் பத்து மாணவி என்றால் சமாளிக்கலாம். லேபர் ரூமில் இரண்டு, மிஞ்சினால் மூன்று. லாக் புக்கில் எண்ணிக்கைக் கட்டத்துக்குப் பக்கத்தில் இன்னொரு கட்டம் வேண்டும், வலி தொடங்கியதிலிருந்து தாய் எழுந்து நடக்கும் வரை கூட இருந்த பிரசவங்களுக்கு.

அவர் ரொம்பவே வற்புறுத்துவது இரவைப் பற்றி. மாணவிகளின் வேன் காலையில் வந்து மாலையில் திரும்பிவிடுகிறது. பிரசவ வலிக்கு அந்த நேரம் தெரியாது. பாதுகாப்பாகத் தங்க ஒரு அறை, பூட்டக்கூடிய கதவு, கழிப்பறை, இரண்டு கட்டில், போகவர வண்டி. இவ்வளவு இருந்தால் பெற்றோர் சம்மதிக்கிறார்கள். அவர்களிடம் தானே போய்ப் பேசியிருக்கிறார். ஒரு மையத்தில் பயன்படாமல் கிடந்த ஸ்டோர் ரூமைக் காலி செய்து கொடுத்திருக்கிறார்கள். தாழ்ப்பாளும் மின்விசிறியும் மாட்டியாயிற்று. இரவு டியூட்டிப் பட்டியல் எழுதி ஒட்டியிருக்கிறார்: ஒரு இரவுக்கு இரண்டு மாணவிகள், கூட ஒரு டியூட்டர்.